சுவரில் அழகாக இருக்கும் கவசம் உடம்பில் ஏன் சரிவரவில்லை?

கல்முனையில் இருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு, நீங்கள் எழுதியதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன். இணையத்தில் எடுத்த வெட்டு அச்சை வைத்து, 10 மி.மீ. ஈவிஏ போமில் (றப்பர் போல வளைகிற இலேசான தடித்த தாள்), இரண்டு மாதமாக இரவிரவாக இருந்து விண்வெளிப் படைவீரன் கவசம் ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். நெஞ்சு, முதுகு, தோள், முன்கை, தொடை, கீழ்க்கால், தலைக்கவசம் எல்லாம் ஒட்டி நிறமும் அடித்தாயிற்று. ஹேங்கரில் கொழுவிப் பார்த்தால் படத்தில் இருப்பது போலவே இருக்கிறது. உடம்பில் போட்டால், கதிரையில் இருக்கும்போது நெஞ்சுத் தகடு நாடியில் முட்டுகிறது, கை தோளுக்கு மேல் போகவில்லை, முன்கைத் துண்டு இறுக்குகிறது, தொடைத் துண்டுகள் நாலு அடி நடந்ததும் முழங்காலுக்கு இறங்கிவிடுகின்றன, தலைக்கவசக் கண்ணாடி மங்கிப் புகார் பிடிக்கிறது, ஒட்டிய தோள் பட்டி விட்டுப்போயிற்று, மூட்டுகளில் நிறம் வெடிக்கிறது. நிகழ்ச்சிக்கு மூன்று கிழமை இருக்கிறது. "போம் பிழையான சாமானா, எல்லாவற்றையும் எறிந்துவிட்டு 3டி பிரிண்டரில் அடிப்பிக்கவா?" என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன குறைகளில் ஒன்றுகூடச் சாமானின் குறை இல்லை. அதே அளவில் பிரிண்டரில் அடித்தால் அதே இடங்களில்தான் முட்டும், அதுவும் இதைவிட மோசமாக முட்டும், ஏனென்றால் போம் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கும். எனவே உங்கள் உண்மையான கேள்வி, செய்து முடித்த கவசத்தை அசையும் ஒரு மனிதனுக்கு எப்படிப் பொருத்துவது என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

எறிய வேண்டாம். மூன்று கிழமை தாராளமாகக் காணும்.

நான் தையல் படித்தவள். மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேலாகக் கூத்துக்கும் பாடசாலை நாடகங்களுக்கும் உடுப்புச் செய்து கொடுக்கிறேன். இந்த விண்வெளிக் கவசங்கள் கடந்த ஏழெட்டு வருடமாகத்தான் வரத் தொடங்கின. பிள்ளைகள் போனில் படத்தைக் காட்டி "அன்ரி, இதைப் போல வேணும்" என்பார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நம்முடைய வடமோடிக் கூத்தில் அரச வேடம் போடுகிறவர் கரப்புடுப்பு உடுத்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மீன் பிடிக்கிற கரப்பைப் போல வளையம் வைத்து விரிந்து நிற்கிற உடுப்பு. மேலே கனமான மார்பு அணிகள், தலையில் கிரீடம். அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு ஒருவர் விடிய விடிய களரியைச் சுற்றி ஆடுகிறார் என்றால், அந்த உடுப்பைச் செய்தவர்கள் ஏதோ ஒன்றைச் சரியாக விளங்கிவைத்திருக்கிறார்கள். பாரம் இடுப்பில் தொங்குகிறது. முழங்காலும் பாதமும் விடுதலையாக இருக்கின்றன. தோளும் கழுத்தும் அசைய இடம் இருக்கிறது. ஐரோப்பாவில் பழைய காலத்து இரும்புக் கவசமும் இதே கணக்கில்தான் செய்யப்பட்டது. 15 முதல் 25 கிலோ வரை நிறை இருந்தும், போட்டவர் குதிரையில் ஏறவும் ஓடவும் முடிந்தது, நிறை உடம்பு முழுவதும் பரவி, மூட்டுகளில் தகடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போனதால். உங்களுடையது முழுவதுமாக 4 கிலோகூட வராது. நிறையைப் பற்றிய கவலையை விடுங்கள், அசைவைத்தான் பார்க்க வேண்டும்.

கத்தியை எடுக்க முன் ஒரு வேலை. உள்ளே எந்த உடுப்புப் போடப் போகிறீர்களோ அதையே போட்டு, எந்தச் சப்பாத்தோ அதையே மாட்டி, கவசத்தை முழுமையாகக் கட்டுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, நிமிர்ந்து நின்றால் எல்லாக் கவசமும் அழகுதான். கதிரையில் இருங்கள். ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றுங்கள். இரண்டு கையையும் முன்னே கொண்டுவந்து கும்பிடுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். குனிந்து உங்கள் சப்பாத்து நுனியைப் பாருங்கள். படி ஏறி இறங்குங்கள். கூட ஒருவர் நின்று, எங்கே முட்டுகிறது, எங்கே உடம்பை வெட்டுகிறது என்று சோக்கால் கோடு போட வேண்டும். நீங்களே போட முடியாது, குனிந்தவுடன் எல்லாம் இடம் மாறிவிடும். கூத்தில் அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்த்தல் என்று ஒன்று இருக்கிறதல்லவா, முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கிறது, அதைப் போல இதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மணித்தியாலத்தைச் செலவழிக்காமல் வெட்டத் தொடங்கியவர்கள் பிழையான இடத்தில் வெட்டியதை நான் நிறையத் தடவை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இனி நெஞ்சுத் தகடு. நாடியில் முட்டுவதற்குக் காரணம் கழுத்துப் பக்கம் இல்லை, கீழ்ப் பக்கம். நீங்கள் இருக்கும்போது தொடை மேலே வந்து வயிற்றுத் தகட்டின் கீழ் விளிம்பைத் தள்ளுகிறது. நெஞ்சும் வயிறும் ஒரே துண்டாக ஒட்டியிருப்பதால் தள்ளு அப்படியே நாடிக்குப் போகிறது. கழுத்தை வெட்டி அகலமாக்கினால் பார்க்க அசிங்கமாகும், குறையும் தீராது. நேராக நின்று பக்கவாட்டில் சரியுங்கள். இடுப்பில் தோல் மடிகிற ஒரு கோடு தெரியும். தையலில் இடுப்பளவு என்று நாங்கள் எடுப்பது அந்த இடத்தில்தான், களிசான் பட்டி நிற்கிற இடத்தில் இல்லை, அதைவிட மேலே. அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நெஞ்சுத் தகடு முடிந்துவிட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குக் கீழே உள்ள பகுதியை வெட்டி எடுத்து, அதை வயிற்றுத் துண்டாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அது பிறகு இடுப்புப் பட்டியோடும் நெஞ்சின் உட்பக்கத்தோடும் எலாஸ்டிக்கால் இணையும்.

இதை விளங்கப்படுத்த நான் பிள்ளைகளுக்கு ஒரு இறாலைக் காட்டுவேன். நமக்கு வாவிக்கரையில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு பெரிய இறாலை அவிக்காமல் பச்சையாகக் கையில் எடுத்து, மெதுவாகச் சுருட்டி விரித்துப் பாருங்கள். முதுகில் ஒவ்வொரு ஓட்டு வளையமும் தனக்குப் பின்னால் இருப்பதன்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். நிமிர்த்தினால் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும், சுருட்டினால் வெளியே வரும். ஆனாலும் இடையில் சதை தெரியாது. வளையங்களை இணைப்பது ஓடு இல்லை, உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு. உங்கள் கவசத்தில் அந்தச் சவ்வின் வேலையை எலாஸ்டிக் பட்டி செய்ய வேண்டும். வெட்டி எடுத்த வயிற்றுத் துண்டை 6 அல்லது 7 செ.மீ. அகலத்தில் இரண்டு மூன்று பட்டையாக்குங்கள். மேல் பட்டை கீழ்ப் பட்டையின்மேல் 3 செ.மீ. ஏறி நிற்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமல், உட்பக்கத்தில் நடுவில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று எலாஸ்டிக் பட்டியில் வரிசையாக ஒட்டுங்கள். குனிந்தால் கீழ்ப் பட்டை மேல் பட்டைக்கு உள்ளே போகும். ஏறி நிற்பதற்காகப் போகிற 3 செ.மீ.யால் உயரம் குறையும், அதற்கு மேலதிகமாக ஒரு பட்டை புதிதாக வெட்ட வேண்டி வரலாம். இவ்வளவு கவசத்தில் புதிதாகச் செய்யச் சொல்வது இந்த ஒரு பட்டையை மட்டும்தான். இன்னொன்றையும் இறாலிடம் பாருங்கள். சுருளுகிற அடிப்பக்கத்தில் அதற்கு ஓடே இல்லை. உங்கள் உடம்பிலும் மடிகிற பக்கங்கள், அதாவது முழங்காலின் பின்புறம், முழங்கையின் உட்புறம், கமக்கட்டு, கவடு, இவற்றில் போம் இருக்கவே கூடாது. கறுப்புத் துணி தெரிந்தால் தெரியட்டும், பார்ப்பவர் கண் அதைக் குறையாக எடுக்காது.

கை தூக்க முடியாமைக்கு இரண்டு காரணம் ஒன்றாக இருக்கும். முதலாவது, நெஞ்சுத் தகட்டின் கைவெட்டு போதாது. கும்பிடும்போது மேற்கை தகட்டின் விளிம்பில் எங்கே முட்டுகிறது என்று சோக் கோடு இருக்குமே, அதுவரை 1 செ.மீ. 1 செ.மீ.யாக வெட்டுங்கள். ஒரே வெட்டில் போக வேண்டாம். என் அனுபவத்தில் ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 4 செ.மீ. வரை போகும். சேட் வெட்டும்போதுகூட முன்பக்கக் கைவெட்டை உள்ளே குடைந்தும் பின்பக்கத்தை அகலமாக விட்டும்தான் வெட்டுவோம், கை முன்னுக்குத்தான் அதிகம் போகும் என்பதால். அச்சு வரைகிறவர்கள் படத்தைப் பார்த்து வரைவார்கள், படத்தில் இருக்கிறவன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். இரண்டாவது காரணம், தோள் துண்டை நெஞ்சோடு நேராக ஒட்டியிருக்கிறீர்கள். அதைக் கழற்றுங்கள். கழுத்துக்குக் கிட்ட, தோளின் உச்சியில், ஒரே ஒரு பட்டியால் மட்டும் தொங்கவிடுங்கள். மேற்கையைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் வளையம் தைத்தால் கை போகும் பக்கம் அதுவும் போகும்.

முன்கைத் துண்டு இறுக்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எனக்கும் முதல் இரண்டு வேலை பழுதான பிறகுதான் பிடிபட்டது. தடிப்பான போமைக் குழாயாக வளைத்தால் உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நடுத் தடிப்பில்தான் நீங்கள் வெட்டிய நீளம் நிற்கும். அதனால் உட்சுற்றளவு, வெட்டிய நீளத்தில் இருந்து தடிப்பின் 3.14 மடங்கு குறைந்துபோகும். 10 மி.மீ. போமில் 30 செ.மீ. வெட்டினால் உள்ளே கிடைப்பது ஏறக்குறைய 27 செ.மீ.தான். 5 மி.மீ. என்றால் இழப்பு அதில் பாதி. இது கேத்திர கணிதம், இதில் மாற்றம் வராது. அதோடு நீங்கள் அச்சைச் சிறிதாக்கியும் இருக்கிறீர்கள். 6 அடிக்காரருக்குப் போட்ட அச்சை 5 அடி 6 அங்குலமான உங்களுக்காக 92 வீதமாகக் குறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உயரத்துக்கு அது சரி. ஆனால் உயரம் குறைந்தவருக்குக் கையின் சுற்றளவும் அதே வீதத்தில் குறைந்திருக்கும் என்று இல்லை. நீளத்தை ஒரு கணக்கிலும் சுற்றளவை இன்னொரு கணக்கிலும்தான் பார்க்க வேண்டும். முட்டியை இறுக்கிப் பொத்திக்கொண்டு முன்கையின் தடித்த இடத்தை அளந்து, அதற்கு மேல் 4 செ.மீ. விடுவது என் வழக்கம். இப்போது இருப்பதைத் திருத்த, உள்கைப் பக்கம் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை நேராகப் பிளந்து, 3 அல்லது 4 செ.மீ. இடைவெளி விட்டு, குறுக்கே மூன்று எலாஸ்டிக் பட்டி வையுங்கள். கை உடம்போடு சேர்ந்து நிற்கிற பக்கம் அது, யாருக்கும் தெரியாது. கீழ்க்கால் துண்டு இறுக்கினால் அதற்கும் பின்பக்கம் இதே வைத்தியம்.

தொடைத் துண்டு ஏன் இறங்குகிறது? தொடை மேலே தடித்துக் கீழே ஒடுங்கிய கூம்பு. அதன்மேல் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நடக்க நடக்கக் கீழேதான் வரும், அதிகமாக இறுக்கினால் இரத்த ஓட்டம்தான் தடைப்படும். அதைக் கீழிருந்து பிடிக்க முடியாது, மேலிருந்து தூக்க வேண்டும். கரப்புடுப்பு இடுப்பில் தொங்குவது போலவே இதுவும். 4 அல்லது 5 செ.மீ. அகலமான நைலோன் பட்டி ஒன்றை இடுப்பெலும்புக்கு மேல் இறுக்கமாகக் கட்டி, அதில் இருந்து ஒவ்வொரு தொடைக்கும் வெளிப்பக்கம் ஒன்றும் முன்பக்கம் ஒன்றுமாக இரண்டு பட்டி இறக்குங்கள். பைகளுக்கு வைக்கிற பிளாஸ்டிக் கிளிப், பை திருத்துகிற கடைகளில் எடுக்கலாம். பட்டியின் நுனியைப் போமில் சும்மா ஒட்டினால் பிய்ந்துவிடும். உள்ளே ஒட்டுகிற இடத்தை அரத்தாளால் சொரசொரப்பாக்கி, 5 செ.மீ. அகலம் 8 செ.மீ. நீளமாவது ஒட்டுப் பிடிக்க விட்டு, அதன்மேல் ஒரு மெல்லிய போம் துண்டை மூடி ஒட்டுங்கள். எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒட்டக் கூடாது, தளர்ந்த நிலையில், இரண்டு நுனி மட்டும். பின்னால் பசையோடு வருகிற வெல்க்ரோவை நம்ப வேண்டாம். நமது வெக்கையிலும் வியர்வையிலும் அந்தப் பசை அரை மணித்தியாலத்தில் நழுவத் தொடங்கும். தைக்கிற வெல்க்ரோ வாங்கிப் பட்டியில் தைத்து, பட்டியைப் போமில் ஒட்டுங்கள். தைக்கத் தங்கூசி நூல், அதாவது மீன் பிடிக்கிற நைலோன் நூல், பாவிக்கலாம், அறாது.

படி ஏறிப் பார்க்கச் சொன்னேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடத்துக்கு முன் ஒரு பாடசாலை நாடகத்துக்கு ஒரு பையனுக்கு முழுக் கவசம் செய்து கொடுத்தேன். வீட்டு முற்றத்தில் நடந்து காட்டினான், எல்லாம் சரி. அன்று மேடைக்கு ஏறப் போனால் முதல் படியிலேயே நின்றுவிட்டான். கீழ்க்கால் துண்டின் மேல் விளிம்பு முழங்காலின் பின்புறத்தில் இடித்தது, காலை மடிக்கவே முடியவில்லை. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. நான் மண்ணில் குந்தி, பிளேட் துண்டால் இரண்டு காலிலும் பின்பக்கம் அரைவட்டமாக வெட்டி எடுத்தேன். அவன் அழுகிற நிலையில் இருந்தான், என் கை நடுங்கியது, தோலில் படாமல் தப்பியது கடவுள் செயல். அன்றிலிருந்து படி ஏறிக் காட்டாத யாருக்கும் நான் கவசத்தைக் கையில் கொடுப்பதில்லை. முழங்காலின் பின் மடிப்பில் இருந்து நாலு விரல் கீழே கீழ்க்கால் துண்டு முடிய வேண்டும்.

தலைக்கவசம் புகார் பிடிப்பது உங்கள் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிவதால். கண்ணாடித் தகட்டின் உட்பக்கம் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி விட்டு, மெல்லிய துணியால் தேய்த்துக் காயவிட்டுத் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். நிரந்தரமான வழி காற்றோட்டம்தான். 5 வோல்ட் சின்ன விசிறி இரண்டு, ஒன்று நாடிப் பக்கம் காற்றை உள்ளே எடுக்க, மற்றது பின் உச்சியில் வெளியே தள்ள. இரண்டையும் உள்ளே ஊதவிட்டால் காற்றுப் போக வழியில்லாமல் புகார் அப்படியே நிற்கும். பவர் பேங்கை இடுப்புப் பட்டியில் வெளிப்பக்கப் பையில் வையுங்கள், வியர்வை படுகிற இடத்தில் வேண்டாம். பார்வையைப் பொறுத்தவரை முன்னுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதைவிடக் கீழே எவ்வளவு தெரிகிறது என்பதுதான் முக்கியம். விழுந்தவர்கள் எல்லாம் காலடியில் இருந்த வயரையோ படியையோ காணாமல் விழுந்தவர்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். ஈவிஏ போம் வெப்பத்தை வெளியே விடாது, நீரையும் விடாது. உள்ளே வியர்வை வரும், ஆனால் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. குளிர் நாட்டு ஆட்கள் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று பார்த்துவிட்டு நாம் இங்கே அப்படிச் செய்ய முடியாது, சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நிச்சயமாக முடியாது. என்னிடம் செய்விக்கிறவர்களுக்கு நான் போடுகிற சட்டம் 20 நிமிடம், பிறகு தலைக்கவசமும் நெஞ்சும் கழற்றி நிழலில் ஓய்வு. இந்த 20 நிமிடம் என் அனுபவத்தில் வைத்த எல்லை, ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் உடம்பு அதற்கு முன்பே சொன்னால் அதைக் கேளுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். மருதமுனைக் கைத்தறித் துணி உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது, அதில் ஒரு தளர்ந்த கைநீளச் சட்டை தைத்தால் நல்லது. தண்ணீரோடு ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) வைத்திருங்கள். தலைச்சுற்று, குமட்டல் வந்தால் உடனே கழற்றி, கழுத்திலும் கமக்கட்டிலும் ஈரத்துணி வைத்து விசிற வேண்டும். பேச்சுக் குழம்பினாலோ மயங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். ஆகவே கவசம் ஒரு நிமிடத்துக்குள் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், கூட வருபவருக்கு எந்தக் கிளிப் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

பசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கிற மஞ்சள் கொன்டாக்ட் பசைதான் போமுக்குச் சரி. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு சேர்த்து அழுத்துங்கள். வெயில் நாளில் 10 நிமிடம் போதும். மழைக்கால ஈரக் காற்றில் அந்தக் கணக்குச் சரிவராது. பசை ஆவியாகும்போது மேற்பரப்புக் குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து, வெள்ளை பூத்தது போலத் தெரியும். அப்படியே ஒட்டினால் இரண்டு நாளில் வாய் பிளக்கும். உங்கள் தோள் பட்டி விட்டுப்போனதாகச் சொன்னது இதனாலாக இருக்கலாம், சரியாகச் சுரண்டாமல் ஒட்டியதாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து எதுவென்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. பிய்ந்த இடத்தில் பசை இரண்டு பக்கமும் இருந்தால் ஈரம், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மற்றப் பக்கம் சொரசொரப்பு போதாமை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பசையின் ஆவி தலைக்கு ஏறும், நெருப்பும் பிடிக்கும். கதவு யன்னல் திறந்து, முடிந்தால் திண்ணையில் வைத்து வேலை செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம். சாதாரணத் துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதே போல ரெஜிபோமில் (சாமான் பெட்டிகளுக்குள் வருகிற வெள்ளை இலேசான போம்) இந்தப் பசையையோ ஸ்பிரே பெயின்ரையோ படவிட வேண்டாம், கண்முன்னே கரைந்து குழியாகும்.

நிறம் மூட்டுகளில் வெடிப்பதற்குக் காரணம், போம் வளைகிறது, பெயின்ற் வளைவதில்லை. வெட்டிய விளிம்புகளையும் புதுப் பட்டையையும் முதலில் ஹீட் கன்னால் மெல்லச் சூடுகாட்டுங்கள், மேற்பரப்பு இலேசாக மினுங்கும், அந்த மினுக்கம் வந்தவுடன் எடுத்துவிட வேண்டும். அதன்மேல் என்ன பூசுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து மூன்று நாலு தரம் பூசுவது மலிவு, நானும் செய்கிறேன், ஆனால் வியர்வை படுகிற இடத்தில் அது மறுபடி பிசுபிசுக்கும், வளைகிற இடத்தில் வெடிக்கும். றப்பர் போலக் காய்கிற பூச்சு கிடைத்தால் அதுதான் மேல். கடைக்குக் கடை போமின் தரமும் மாறுவதால், எதையும் முதலில் வெட்டியெறிந்த துண்டில் பூசி, காயவிட்டு, மடித்துப் பாருங்கள்.

3டி பிரிண்டர் பற்றி என் அனுபவம் குறைவு, மற்றவர்கள் அடித்துக்கொண்டு வந்ததற்குப் பட்டி பூட்டிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று உறுதி. சாதாரணமாக அதில் பாவிக்கிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். பகல் வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூடு வரும். அக்கரைப்பற்றில் இருந்து வாகனத்தில் கொண்டுவந்த ஒரு தலைக்கவசம் ஒரு பக்கம் சரிந்து போனதை நான் கையில் வைத்துப் பார்த்தேன். போமும் அந்தச் சூட்டில் பசை விடும், எனவே உங்களுடையதையும் வாகனத்துக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம். தலைக்கவசத்தில் சின்னச் சின்ன நுணுக்க வேலை வேண்டும் என்றால் அந்தத் துண்டுகளை மட்டும் பிரிண்டரில் அடிப்பித்து ஒட்டலாம்.

முதல் கிழமை இடுப்புப் பட்டி, தொடை, நெஞ்சை வெட்டுவது, வயிற்றுப் பட்டைகள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம், இடுப்புப் பட்டி நின்றால்தான் மற்றத் துண்டுகளின் உயரம் தெரியும். இரண்டாம் கிழமை தோள், முன்கை, கீழ்க்கால், தலைக்கவச விசிறி. மூன்றாம் கிழமை நிறத்தைத் திருத்துவதும், இரண்டு தரமாவது முழுவதும் போட்டு வெளியே நடப்பதும். ஒன்று காலையில், ஒன்று மத்தியான வெக்கையில். நிகழ்ச்சிக்குப் போகும்போது ஒரு சின்னப் பையில் பசைக் குப்பி, கத்தி, ஊசி, தங்கூசி, ஒரு முழம் எலாஸ்டிக், இரண்டு மேலதிக கிளிப், ஒரு துவாய், தண்ணீர் இவற்றை வைத்து, அதைக் கூட வருபவரின் தோளில் கொழுவி விடுங்கள். கவசம் போட்ட பிறகு அந்தப் பையின் சிப்பை உங்கள் கையால் இழுக்க முடியாது. வயிற்றுப் பட்டை பூட்டி முடிந்ததும், கதிரையில் இருந்தபடி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், நாடிக்கும் தகட்டுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.